வலையில் விழுந்த விண்மீன்



தியோடலைட்டைத் தோளில் சுமந்துகொண்டு மைதானத்தில் வெயில் காய்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். டெலஸ்கோப்புக்குள் கண்ணை வைத்தால் குறுக்கும் நெடுக்குமாக முடி மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். கிராஸ் ஹேர் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோமே, அதுதான். அந்தக் கோடுகளை எடுத்துவிட்டால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவி வெறும் பூதக்கண்ணாடி. தூரத்தில் இருப்பது பெரிசாகத் தெரியும். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இந்தக் கோட்டுச் சட்டத்துக்கு லத்தீன் மொழியில் ரெட்டிக்யூலம் என்று பெயர். சின்ன வலை என்று அர்த்தம்! லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1751-ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போய், ஐரோப்பாவில் இருந்து பார்க்க முடியாத தென்வானத்து நட்சத்திரங்களைச் சுமார் 10,000 வரை அளந்து பட்டியல் போட்டார். அதற்கு உதவிய அந்தக் கண்ணாடி வலையை அவர் மறக்கவில்லை. தெற்கே அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டத்துக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

ஆக, வானத்திலும் ஒரு வலை விரித்துக் கிடக்கு. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில், வலை காயப்போட்ட திண்ணையில் வளர்ந்த எனக்கு இது இனிக்காமல் இருக்குமா? அதைவிட இனிப்பான சேதி இனிமேல்தான். 1867 ஜனவரியில் அந்த வான வலைக்குள் அதுவரை யாரும் அடையாளம் காணாத ஒரு விசித்திரமான நட்சத்திரத்தைப் பிடித்தவர் வெள்ளைக்காரர் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தில் உதவியாளராக இருந்த நம்ம ஊர்க்காரர். பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

அவர் கதைக்குப் போகும் முன் அந்த இடத்தை முதலில் கண்டுபிடித்துக்கொள்வோம். பொங்கல் கழிந்த இரவுகளில் லைட்ஹவுஸ் குப்பம் பக்கமோ, கூனங்குப்பம் பக்கமோ மணலில் தெற்கு பார்த்து நில்லுங்கள். பத்தரை, பதினொரு மணி வாக்கில் நேர் தெற்கில் ஒரே ஒரு வெள்ளை நட்சத்திரம் தனியாகப் பளிச்சென்று நிற்கும். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்கு ஏறக்குறைய 10 டிகிரி. கடல் விளிம்பிலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் அது இருக்கும். அதுதான் அகத்திய நட்சத்திரம். வெளிநாட்டார் கனோபஸ் என்கிறார்கள். இரவு வானத்து நட்சத்திரங்களில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் இதற்குத்தான். சிரியஸ் நமக்குப் பக்கத்து வீடு, 9 ஒளியாண்டுகூட இல்லை. இதுவோ 300 ஒளியாண்டுக்கு அப்பால். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இவ்வளவு பளிச்சென்று தெரிகிறதே, அப்படியானால் அது எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும்! நம் சூரியனைப்போல 70 மடங்கு குறுக்களவும், 10,000 மடங்கு ஒளியும் கொண்ட வெள்ளை ராட்சசன் அது. வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் அகத்தியர் உதயத்துக்கென்றே ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். 1964-ல் செவ்வாய்க்குப் போன மாரினர் 4 விண்கலம், நடுவழியில் திசை தப்பாமல் இருக்கப் பிடித்துக்கொண்ட நட்சத்திரமும் இதுவே. ஏரிக்கு அந்தப்பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போகிற வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்த நம்ம குப்பத்துப் பிள்ளைகள் இதையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கலாம்.

இந்த வெள்ளை ராட்சசனுக்குக் கீழே, வலது கைப்பக்கம், மங்கலாக ஒரு கொத்து இருக்கிறது. அதுதான் வலை.

லண்டனில் நின்றால் இந்த இரண்டையும் பார்க்கவே முடியாது. அகத்திய நட்சத்திரம் அங்கே அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. வடக்கு அட்சரேகை 37 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கண்ணில் படும். சென்னையோ 13 டிகிரியில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் கட்டியதற்குக் கப்பல் போக்குவரத்து, நில அளவை என்று நிறையக் காரணங்கள் உண்டு. ஆனால் வானியலாளர்களுக்கு அந்த இடத்தின் மகிமை இதுதான்: கிரீன்விச் பார்க்க முடியாத வானம் அங்கே தெரிந்தது. டி.ஜி. டெய்லர் அங்கிருந்து 11,015 நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்து 1844-ல் வெளியிட்ட பட்டியல் ஐரோப்பாவிலேயே பெரிய மதிப்புப் பெற்றது.

அந்தக் கூடத்துக்குத்தான் 1840-களில் ரகுநாதாச்சாரி வேலைக்கு வந்தார். பிறந்தது 1820-களில். தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்த குடும்பம். கிரகண நேரமும் திதியும் மனக்கணக்காகப் போடுகிற வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தவர் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1857-ல்தான். அதற்குள் இவர் பல வருஷம் டெலஸ்கோப் பக்கத்தில் இரவைக் கழித்துவிட்டார். வேலையைச் செய்தபடியே வேலையைக் கற்றுக்கொண்டவர். துரைமார் ஒவ்வொருவராக வந்தார்கள், போனார்கள். டெய்லருக்குப் பிறகு ஜேக்கப், அப்புறம் டென்னன்ட், 1861-ல் போக்சன். இவர் அங்கேயே இருந்தார். 1860-களில் முதல் உதவியாளர் பதவிக்கு உயர்ந்தார். அன்றைய நிலையில் ஒரு இந்தியர் அங்கே ஏறக்கூடிய கடைசிப் படி அநேகமாக அதுதான்.

என்ன வேலை செய்தார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லணும். ஏனென்றால் நம்மைப்போல டிப்ளமோ படிக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

நுங்கம்பாக்கத்தில் இருந்த முக்கியமான கருவி மெரிடியன் சர்க்கிள். லண்டன் ட்ரூட்டன் அண்ட் சிம்ஸ் கம்பெனி செய்தது. நாம் நினைக்கிற மாதிரி எந்தப் பக்கமும் திருப்பி எந்த நட்சத்திரத்தையும் துரத்துகிற டெலஸ்கோப் அல்ல அது. வடக்கு தெற்காக மட்டுமே மேலும் கீழும் அசையும். கிழக்கு மேற்காக ஒரு நூல்கூட நகராது. நட்சத்திரம்தான் அதைத் தேடி வரவேண்டும். எங்க ஏரியில் இறாலுக்கு வலை கட்டுகிறவர்கள் இறாலைத் துரத்துவதில்லை. தண்ணீர் வடிகிற ஓட்டத்துக்கு எதிரே கழி நட்டு, வலை கட்டிவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டம் இறாலைக் கொண்டுவந்து வலையில் போடும். இதுவும் அப்படித்தான். பூமி சுழல்கிற ஓட்டம், நட்சத்திரத்தைக் கண்ணாடி வலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

நட்சத்திரம் உள்ளே நுழைந்தது முதல் ஒவ்வொரு கோட்டையும் எந்த நொடியில், நொடியின் எந்தப் பத்தில் ஒரு பங்கில் கடக்கிறது என்று குறிக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்கும் புழங்கிய முறை, பக்கத்தில் ஓடும் கடிகாரத்தின் டக் டக்கைக் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் கோட்டைப் பார்ப்பது. கண் ஒரு வேலை, காது ஒரு வேலை, கை ஒரு வேலை! அது முடிந்ததும் வட்டத் தகட்டின் டிகிரிக் கோடுகளை மைக்ராஸ்கோப் வைத்துப் படிக்கணும். வெர்னியர் ரீடிங் எடுக்கும்போது நமக்கு வருகிற சலிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பாரோமீட்டர், தெர்மாமீட்டர் அளவும் எழுதணும். ஏன்? காற்று ஒளியை வளைக்கும். லெவலிங்கில் ரிஃப்ராக்‌ஷன் கரெக்‌ஷன் என்று ஒரு வரியில் போட்டுவிட்டுப் போகிறோமே, அடிவானத்துக்குப் பக்கத்தில் அது சின்ன விஷயமே அல்ல. வலைக் கூட்டம் சென்னையில் உச்சத்துக்கு வரும்போதே 13, 14 டிகிரி உயரம்தான். அந்த உயரத்தில் நட்சத்திரம் தன் உண்மையான இடத்தைவிட 4 நிமிடக் கோணம் மேலே தள்ளித் தெரியும். இதையெல்லாம் கழித்துக் கூட்டி, லாகரிதம் டேபிளை வைத்துக்கொண்டு பகலில் கணக்குப் போட்டு முடித்தால் ஒரு ரீடிங் ஆச்சு.

ரகுநாதாச்சாரி இப்படி எடுத்தவை சுமார் 38,000.

1862-ல் தொடங்கிய அந்த வேலை அவர் காலத்துக்குப் பிறகும் 1887 வரை நடந்தது. 5,303 நட்சத்திரங்களின் சென்னைப் பொதுப் பட்டியலாக வெளிவந்தது. அவர் பங்கை வருஷக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு 2,000-க்கு மேல் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள், வானம் தெளிந்த எந்த இரவாவது அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது! அன்றைய சென்னை நேரம் இந்த நட்சத்திரக் கடப்புகளை வைத்துத்தான் கணிக்கப்பட்டது. இந்திய நேரம் 1906-ல் வரும் வரை ரயில்கள் அந்தச் சென்னை நேரத்தில்தான் ஓடின. ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து ஓடிய எத்தனை பேருக்கு இப்படி ஒருவர் கண்விழித்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்திருக்கும்?

இந்தப் பழக்கம்தான் 1867-ல் கைகொடுத்தது. ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணி சுமாருக்கு வலைக் கூட்டத்தின் அந்தப் பகுதி உச்சக்கோட்டைத் தாண்டும். அதில் ஒரு நட்சத்திரம் நிலையான ஒளியோடு இல்லை, ஏறி இறங்குகிறது என்று கண்டார். இன்று அதற்கு ஆர் ரெட்டிக்யூலி என்று பெயர். சுமார் 278 நாளுக்கு ஒரு முறை அது ஊதிச் சுருங்குகிறது. நல்ல பிரகாசத்தில் இருக்கும்போது சாதாரண பைனாகுலரிலேயே சிக்கும். மங்கும்போது சின்ன டெலஸ்கோப்புக்கும் டிமிக்கி கொடுத்துவிடும். இரண்டு நிலைக்கும் ஒளியில் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்! அகத்தியர் வெள்ளை ராட்சசன் என்றால் இது வயசாகி ஊதிப்போன சிவப்பு ராட்சசன். நவீன வானியலில் இந்தியர் ஒருவர் பெயரில் பதிவான முதல் கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்கிறார்கள்.

இதில் என்ன பெரிய சாமர்த்தியம், எதேச்சையாகக் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கலாம். இல்லை நண்பர்களே! ஒரு நட்சத்திரம் மாறியிருக்கிறது என்று சொல்ல, மாறாத ஆயிரம் நட்சத்திரங்கள் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். தினமும் ஏரியில் இறங்குகிறவனுக்குத்தான் தண்ணீரின் நிறம் இன்று வேறு என்று தெரியும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போக்சன் துரை இந்தக் கண்டுபிடிப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. உதவியாளர் பெயரிலேயே அறிவித்தார். நட்சத்திரத்தின் பிரகாசத்தை அளக்கும் 2.512 என்கிற விகிதத்தை 1856-ல் சொன்னவர் இதே போக்சன்தான். இன்றைக்கும் உலகம் முழுக்க வானியல் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. 1861-ல் அவர் சென்னையிலிருந்து கண்டுபிடித்த சிறு கோளுக்கு ஏஷியா என்று பெயரும் வைக்க முடிந்தது. ஒளி மாறும் நட்சத்திரத்துக்கோ அந்த வழக்கம் இல்லை. கூட்டத்தின் பெயருக்கு முன்னால் ஒரு ஆங்கில எழுத்தைப் போட்டு முடித்துவிடுவார்கள். அதனால் ரகுநாதாச்சாரியின் நட்சத்திரத்தில் அவர் பெயர் ஓர் எழுத்துக்கூட இல்லை.

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்கு போக்சன் மசூலிப்பட்டினம் போனார்; இன்னொரு குழுவுக்குத் தலைவராக ரகுநாதாச்சாரியை வனபர்த்திக்கு அனுப்பினார். 1871 டிசம்பர் கிரகணத்துக்கு கோயம்புத்தூர்ப் பக்கம் அவிநாசியில் முகாம் போட்டார்கள். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் ரகுநாதாச்சாரியை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கௌரவம் பெற்ற முதல் இந்தியர்களில் ஒருவர் அவர்.

வேறு யாராவது இருந்தால் இத்தோடு போதும் என்று இருந்திருப்பார்கள். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் கஷ்டமான பகுதி இனிமேல்தான் ஆரம்பிக்கிறது. வானத்தோடு மல்லுக்கட்டுவது ஒரு பங்கு என்றால் சொந்த வீட்டுப் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கட்டுவது ஒன்பது பங்கு.

பிரச்சினை இதுதான். பழைய வாக்கிய முறையில் சூத்திரங்களை வைத்துத் திதி, நட்சத்திரம், கிரகணம் எல்லாம் கணிப்பார்கள். அந்தச் சூத்திரங்களைச் செய்த காலத்தில் அவை அருமையாகப் பொருந்தின. நூற்றாண்டுகள் ஓட ஓடச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் சேர்ந்து, ஏட்டில் சந்திரன் ஓரிடத்திலும் வானத்தில் வேறிடத்திலும் நிற்க ஆரம்பித்தது. வேறு யாரும் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் இரவெல்லாம் சந்திரனையும் நட்சத்திரங்களையும் கோட்டில் வைத்து அளக்கிறவர், காலையில் வீட்டுக்கு வந்து பரம்பரை ஏட்டைப் புரட்டினால்? இரண்டும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது? கண்ணையா, முன்னோரையா?

அவர் கண்ணை நம்பினார். ஆனால் முன்னோரைக் கேலி செய்யவும் இல்லை. நம் பழைய கணித நூல்களே காலத்துக்குக் காலம் வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள இடம் தந்தவைதான் என்ற வழியில் நின்று, கண்ணால் கண்டதற்குப் பொருந்தும் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். த்ருக் என்றால் பார்வை; த்ருக் கணிதம் என்றால் பார்த்துச் சரிசெய்த கணக்கு. நம்ம வாயில் அது திருக்கணிதம் ஆகிவிட்டது. வீட்டில் தொங்குகிற காலண்டரைத் திருப்பிப் பாருங்கள், வாக்கியப்படி ஒன்று, திருக்கணிதப்படி ஒன்று என்று போட்டிருக்கும். அண்மையில்கூட சனிப்பெயர்ச்சி 2025 மார்ச்சில் என்று ஒரு பஞ்சாங்கமும், 2026-ல் என்று மற்றொன்றும் சொல்லி ஜனங்களைக் குழப்பின. நூற்றைம்பது வருஷம் ஆகியும் வழக்கு முடியவில்லை! அந்த வழக்கில் தமிழ்நாட்டில் முதலில் துணிந்து வாதாடியவர்களில் ஒருவர் இவர்.

எங்க குப்பத்தில் இந்தச் சண்டையே கிடையாது. அமாவாசை ஓட்டம் எப்போது ஏறும், எப்போது வடியும் என்பதை முகத்துவாரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்வார்கள். காலண்டரும் தண்ணீரும் வேறு வேறு சொன்னால் யாரும் காலண்டரை நம்பி வலை கட்டமாட்டார்கள். ஏரியில் யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்கிற பாடு முறையே நாள் கணக்கில் ஓடுகிறது. ஒரு பாடு தப்பினால் ஒரு வீட்டின் அடுப்பு எரியாது. கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகணும் என்பது இவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினை. ரகுநாதாச்சாரி சொன்னது மீனவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். படித்தவர்களுக்குத்தான் புரிய நாளாச்சு.

1874 டிசம்பர் 9-ல் வெள்ளிக்கிரகம் சூரியனின் முகத்தைக் கடந்தது. சூரியன் எவ்வளவு தூரம் என்று அளக்க உலகமே அதற்காகக் காத்திருந்தது. பல நாடுகள் கப்பல் கப்பலாக ஆட்களை அனுப்பின. இவர் என்ன செய்தார் தெரியுமா? அது என்ன, ஏன் நடக்கிறது, எப்படிப் பார்ப்பது என்று சாதாரண ஜனங்களுக்கும் பஞ்சாங்கக்காரர்களுக்கும் புரியும்படி ஒரு சிறு நூல் எழுதி, ஆங்கிலத்தோடு நிற்காமல் நம் நாட்டு மொழிகள் பலவற்றிலும் கொண்டுவந்தார். நம்மவர்கள் நவீன வானியல் கற்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்றும் பேசினார். அது அவர் காலத்தில் கைகூடவில்லை. டெலஸ்கோப் துரைமார் வீட்டுச் சாமானாகவே இருந்தது.

1880 பிப்ரவரி 5-ல் ரகுநாதாச்சாரி காலமானார். ராயல் வானியல் கழகத்தின் ஏட்டில் அவருக்கு இரங்கல் குறிப்பு வந்தது. போக்சன் 1891-ல் சென்னையிலேயே இறந்தார். 1899-ல் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போய்விட்டது. நுங்கம்பாக்கத்தில் இன்றைக்கு வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே, புயல் வந்தால் டி.வி.யில் காட்டுகிறார்களே, அதே வளாகம்தான். பழைய கருவியைத் தாங்கிய 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று அங்கே நிற்கிறது. 1792-ல் கூடம் அமைந்த செய்தியைத் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தத் தூணைச் சுற்றி எத்தனை இரவு அவர் நடந்திருப்பார்!

இன்றைக்குப் பழவேற்காட்டில் நின்றுகொண்டு அந்த வலையைப் பார்க்கலாமா என்றால், கொஞ்சம் கஷ்டம்தான். எங்களுக்கு நேர் தெற்கேதான் காட்டுப்பள்ளித் துறைமுகமும், எண்ணூர் துறைமுகமும், அனல் மின் நிலையங்களும், அதற்கப்பால் சென்னை மாநகரமும். ராத்திரி முழுக்க அந்தத் திசையில் வானத்தின் அடிப்பாகம் வெளுத்துக் கிடக்கிறது. ரகுநாதாச்சாரி அளந்த 13, 14 டிகிரி உயரத்து மங்கல் நட்சத்திரங்கள் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடுகின்றன. வெள்ளை ராட்சசன் மட்டும் அதையும் மீறித் தெரிகிறான். அவர் இறந்த அந்தப் பிப்ரவரி 5 தேதியில் பார்த்தால், இரவு ஒன்பதரை மணிக்கு அகத்தியர் சரியாகத் தெற்கு உச்சக்கோட்டில் இருப்பார். மெரிடியன் சர்க்கிள் அங்கே இருந்திருந்தால் அந்த நேரத்தில் கண்ணாடி வலையைக் கடந்துகொண்டிருப்பார்.

நல்ல பைனாகுலரும் இருட்டான இடமும் கிடைத்தால் கீழே வலதுபக்கம் தேடிப் பாருங்கள். ஆனால் முதலில் நாளைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 278 நாளுக்கு ஒரு தடவைதான் அந்தச் சிவப்பு நட்சத்திரம் மேலே வந்து முகம் காட்டும்.